முயல் படம் இருந்தால் போதுமா? லிப் பாம், லிப் கிளாஸ்: வாசகர் கேள்வி பதில்

விலங்குகளில் சோதிக்காத பொருள் (‘க்ரூயல்டி ஃப்ரீ’) என்று காட்ட அட்டையில் போடும் முயல் படத்தில் தொடங்கி, லிப் பாம், லிப் கிளாஸ் பற்றி வந்த கேள்விகள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழ்ப் பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

“இந்தியாவில் அழகுப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிக்கத் தடை இருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் இங்கே விற்கும் எல்லா லிப் பாமும் க்ரூயல்டி ஃப்ரீதானே? பிறகு எதற்கு முயல் படம் தேட வேண்டும்?”
*– கல்லூரி மாணவி, திருச்சி*

தடை உண்மைதான். 2014 மே மாதம் அழகுப் பொருட்களுக்காக விலங்குகளில் சோதனை செய்வது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் முதல், வெளிநாட்டில் விலங்குகளில் சோதித்த அழகுப் பொருட்களை இறக்குமதி செய்யவும் தடை வந்தது. ஆகவே இங்கே சட்டப்படி விற்பனைக்கு வரும் லிப் பாமை அடிப்படையில் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் பார்ப்பது பொருளை, நிறுவனத்தை அல்ல. ஒரே கம்பெனி இங்கே சோதனை செய்யாமல் விற்கலாம், சோதனை கேட்கும் வேறொரு நாட்டில் அதற்குச் சம்மதித்தும் விற்கலாம். சீனாதான் இதற்கு நெடுநாள் உதாரணம். இறக்குமதியாகும் அழகுப் பொருட்களுக்கு அங்கே விலங்குச் சோதனை கட்டாயமாக இருந்தது. 2021 மே முதல் சாதாரண அழகுப் பொருட்களுக்கு நிபந்தனையோடு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். வெயில் தடுப்புப் பொருட்கள், தலைச்சாயம், நிறம் வெளுக்க வைப்பவை அந்த விலக்கில் சேரவில்லை. மூலப்பொருள் இன்னொரு கதை. லிப் பாமில் போடும் ஒரு ரசாயனம் மருந்திலும் தொழிற்சாலையிலும் பயன்படலாம். அந்தச் சட்டங்களுக்காக அது தனியே சோதிக்கப்பட்டிருக்கலாம்.

இந்த இடைவெளிக்காகத்தான் முத்திரைகள். எல்லா முயலும் ஒரே முயல் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘லீப்பிங் பன்னி’ முத்திரையில் தாவும் முயல் இருக்கும். அது வாங்க கம்பெனி தன் சோதனைகளை மட்டுமின்றி, மூலப்பொருள் தரும் சப்ளையர்களையும் ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து கண்காணிக்க வேண்டும். ஆண்டுதோறும் உறுதி கொடுக்க வேண்டும். வெளியார் தணிக்கைக்கும் சம்மதிக்க வேண்டும். பீட்டா அமைப்பின் முயல் பெரும்பாலும் கம்பெனி கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழியை நம்பித் தரப்படுவது. மூன்றாவது வகை முயல் ஒன்று உண்டு: டிசைனர் வரைந்தது. எந்த அமைப்பின் பெயரும் இல்லாமல் வெறும் காதும் வாலும் மட்டும் இருந்தால் அது அலங்காரம். அட்டையை நம்பாமல் அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் பிராண்ட் பெயரைப் போட்டுத் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பட்டியலில் இல்லை என்பதாலேயே அந்தக் கம்பெனி சோதனை செய்கிறது என்றும் ஆகாது. பல சிறு உள்ளூர் தயாரிப்பாளர்கள் விண்ணப்பித்தே இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். “நீங்களோ, உங்கள் சப்ளையரோ, உங்களுக்காக வேறு யாரோ, எந்த நாட்டு விதிக்காகவாவது சோதிக்கிறீர்களா?” என்று நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். “இறுதிப் பொருளை நாங்கள் சோதிப்பதில்லை” என்று மட்டும் பதில் வந்தால், மற்ற மூன்று கேள்விக்கும் பதில் வரவில்லை என்று பொருள்.

“நாங்கள் சுத்த சைவம். முயல் முத்திரை போட்ட லிப் பாம் வாங்கினேன். அதில் தேன்மெழுகு இருக்கிறது என்று மருமகள் சொல்கிறாள். ஏமாற்றிவிட்டார்களா?”
*– வாசகி, கும்பகோணம்*

ஏமாற்றவில்லை அம்மா. சோதனை வேறு, சேர்மானம் வேறு. க்ரூயல்டி ஃப்ரீ என்றால் விலங்கின் மேல் சோதிக்கவில்லை என்று மட்டுமே அர்த்தம். வீகன் என்றால் விலங்கிலிருந்து எடுத்த பொருள் உள்ளே இல்லை என்று அர்த்தம். அமெரிக்காவின் பர்ட்ஸ் பீஸ் லிப் பாம் லீப்பிங் பன்னி பெற்றது. ஆனால் அதன் பெயரிலேயே தேனீ இருக்கிறது, அடிப்படையே தேன்மெழுகு. மறுபக்கம், தாவரப் பொருட்கள் மட்டுமே போட்டு, சோதனைக் கொள்கை பற்றி மூச்சு விடாத கம்பெனியும் இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பீட்டா முத்திரையிலேயே ‘வீகன்’ என்று சேர்த்துப் போட்டது தனியாக உண்டு.

சில பெட்டிகளில் உணவுப் பொட்டலம் போலப் பச்சை வட்டம் இருக்கும். சைவக் குடும்பத்துக்கு அது உதவும். ஆனால் பால் பொருளுக்கும் பச்சை வட்டம்தான், ஆகவே பச்சை என்றால் வீகன் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மருமகளிடம் லேபிளைக் கொடுத்து இந்தப் பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். தேன்மெழுகு என்பது ‘பீஸ்வாக்ஸ்’, ‘செரா ஆல்பா’, ‘செரா ஃப்ளாவா’ என்று வரும். ‘லனோலின்’ ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. வெடித்த உதட்டுக்கான தைலங்களில் அதிகம். ‘ஷெல்லாக்’ அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். ‘குவானின்’ அல்லது சி.ஐ. 75170 (சி.ஐ. என்பது லேபிளில் நிறப்பொருளைக் குறிக்கும் எண்) மீன் செதிலிலிருந்து வரும் முத்து மினுமினுப்பு. ‘ஸ்குவாலீன்’ சுறா ஈரலிலிருந்தும் வரலாம். ‘ஸ்குவாலேன்’ என்று இருந்தால் இப்போது பெரும்பாலும் ஆலிவ் அல்லது கரும்பிலிருந்து எடுத்தது. லேபிளில் ‘தாவர மூலம்’ என்று எழுதியிருந்தால் நிம்மதி.

சிவப்பு, ரோஸ் நிறங்களில் கவனம் கூடுதலாக வேண்டும். ‘கார்மைன்’, ‘கொச்சினீல்’, ‘நேச்சுரல் ரெட் 4’, சி.ஐ. 75470 நான்கும் ஒன்றே: கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியைக் காய வைத்து எடுக்கும் சாயம். “இயற்கை நிறம் மட்டுமே” என்று பெருமையாகப் போட்ட கிளாஸில்தான் இது இருக்க வாய்ப்பு அதிகம். சிலருக்கு ஒவ்வாமையும் தரும். இதற்கு மாற்றாக சி.ஐ. 77491 என்ற இரும்பு ஆக்சைடு போடுவார்கள். அது செங்கல் சிவப்பாக இருக்கும். பளிச்சென்ற சிவப்புக்கு சி.ஐ. 15850 போடுவார்கள், அது செயற்கைச் சாயம், பூச்சி இல்லை. கார்மைன் தரும் நீலம் கலந்த ரோஸ் நிறத்தைத் தாவரத்தில் கொண்டுவருவது கடினம். அதனால் வீகன் கிளாஸ் நிறங்கள் கொஞ்சம் பழுப்புப் பக்கம் சாய்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட் இரண்டும் லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாதவை. பனை எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

“பிராண்ட் சோதனை செய்வதில்லை, ஆனால் அதை வாங்கிய தாய் நிறுவனம் செய்கிறது என்றால் அந்தப் பொருளை வாங்கலாமா?”
*– வாசகர், கோவை*

இதற்குச் சரி, தப்பு என்று ஒரே பதில் கிடையாது. விலங்குச் சோதனையை எதிர்த்துப் பெயரெடுத்த தி பாடி ஷாப் 2006-இல் பிரெஞ்சு நிறுவனமான லோரியால் கைக்குப் போய், 2017-இல் பிரேசிலின் நட்டுரா கைக்கு மாறியது. இந்த வாக்குவாதம் பெரிதானது லோரியால் வாங்கியபோதுதான். காசு மொத்தமும் தாய் நிறுவனத்துக்குப் போகிறதே என்று விலகியவர்களும் உண்டு. நல்ல பிராண்டுக்குக் கிடைக்கும் விற்பனைதான் பெரிய கம்பெனிக்குப் புரியும் ஒரே பாஷை என்று தொடர்ந்தவர்களும் உண்டு. முத்திரை தரும் அமைப்புகள் பிராண்டைத்தான் பார்க்கின்றன. எங்களுக்கு இரண்டாவது வாதமே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ஆனால் கடையில் இரண்டும் கிடைத்தால் தாய் நிறுவனமும் சுத்தமாக உள்ளதை எடுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

“ஸ்கூட்டி டிக்கியில் வைத்த வீகன் லிப் பாம் உருகி ஓடிவிட்டது. மறுபடி கெட்டியானதும் மணல் மணலாக இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா? வெயிலுக்குத் தாங்குவது எது?”
*– அலுவலகம் செல்பவர், சென்னை*

கெடவில்லை. மணல் போலத் தட்டுப்படுவது ஷியா அல்லது கோகோ வெண்ணெய். அவற்றில் வெவ்வேறு சூட்டில் உறையும் கொழுப்புகள் கலந்திருக்கின்றன. டிக்கிக்குள் மெல்ல மெல்ல ஆறும்போது, முதலில் உறைவது தனியே கூடிக் குருணையாகிவிடுகிறது. டப்பாவில் வரும் பாம் என்றால், டப்பாவை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி முழுக்க உருக்கி, உடனே ஃப்ரீசரில் பத்து நிமிடம் வையுங்கள். வேகமாக உறைந்தால் குருணை கட்டாது. தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. ஊசி வாசம், அதாவது பழைய முறுக்கு எண்ணெய் வாசம் வந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

வெயில் தாங்குவதைத் தீர்மானிப்பது மெழுகு. தேன்மெழுகு 62–64 டிகிரி செல்சியஸில் உருகும். வீகன் பாம்களில் வரும் கேண்டலில்லா மெழுகு 70 டிகிரி வாக்கில், கர்னாபா மெழுகு 82–86 டிகிரியில். அப்படியென்றால் வீகன் பாம்தானே அதிகம் தாங்க வேண்டும் என்று கேட்பீர்கள். எண்ணெயில் கரைந்த மெழுகு தன் உருகுநிலைக்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். தேங்காய் எண்ணெயோ 24–25 டிகிரியிலேயே திரவம். மெழுகைக் குறைத்து, தேங்காய் எண்ணெயையும் ஷியாவையும் தாராளமாக ஊற்றிய பாம் ஊட்டிக்குச் சரி, சென்னைக்கு ஆகாது. லேபிளில் பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்கும். கேண்டலில்லா அல்லது கர்னாபா முதல் மூன்று நான்கு பெயர்களுக்குள் வந்தால் வெயில் தாங்கும். எட்டாவதாக வந்தால் அது ஏசி அறையிலேயே இருக்கட்டும். எதுவாக இருந்தாலும் டிக்கி வேண்டாம். கைப்பையில் தண்ணீர் பாட்டிலை ஒட்டி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

“எவ்வளவு தடவினாலும் அரை மணியில் உதடு இன்னும் காய்கிறது. தடவியதும் ஜில்லென்று நன்றாகத்தான் இருக்கிறது. இயற்கைப் பொருள்தான், வீகன்தான்.”
*– வாசகி, மதுரை*

அந்த ‘ஜில்’தான் வினை. மென்தால், கற்பூரம், புதினா எண்ணெய் மூன்றும் குளிர்ச்சியாக இருப்பது போல உணர வைக்கும். ஏற்கெனவே வெடித்த உதட்டை மேலும் உறுத்தும். உறுத்தியதும் நாக்கு தானாக உதட்டுக்குப் போகும். எச்சில் உலரும்போது இருக்கிற ஈரத்தையும் கொண்டுபோய்விடும்; திரும்ப பாம் தடவுவீர்கள். உதட்டின் சிவந்த பகுதியில் எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை, வியர்வைச் சுரப்பியும் இல்லை, தோலும் மெல்லியது. முகத்தில் ஒன்றும் செய்யாத வாசனை எண்ணெய் உதட்டில் எரிவது இதனால்தான். ஸ்ட்ராபெர்ரி, சாக்லேட் சுவை போட்டவையும் நக்கத்தான் தூண்டும். உதட்டைப் பெரிதாகக் காட்டும் ‘பிளம்பிங்’ கிளாஸ்களில் இலவங்கப்பட்டை எண்ணெய், மிளகாய்ச் சாறு போன்றவை போடுவார்கள். அந்த வீக்கமே எரிச்சலால் வருவது, தினமும் போட அது பொருளல்ல.

இரண்டு வாரத்துக்கு வாசனையும் சுவையும் நிறமும் இல்லாத ஒரே ஒரு பாமை மட்டும் பயன்படுத்துங்கள். பொருள் பட்டியல் ஏழெட்டுப் பெயர்களுக்குள் இருந்தால் நல்லது. முகம் கழுவியதும், உதட்டில் லேசாக ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். இரவு படுக்கும் முன் கொஞ்சம் தடிமனாக. உரியும் தோலைப் பிய்க்க வேண்டாம். பற்பசையில் கடுமையான புதினா இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள், உதட்டைச் சுற்றிச் சிவப்பதற்குப் பல வீடுகளில் அதுதான் காரணம். அதன் பிறகும் ஓரம் வெடித்து நீர் கோத்தால் பாமை மாற்றிக்கொண்டே இருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். விளக்கெண்ணெய், லனோலின், தேன்மெழுகோடு ஒட்டி வரும் தேனீப் பிசின் இவற்றுக்கெல்லாம் சிலருக்கு ஒவ்வாமை உண்டு. எது என்பதை ஒட்டுச் சோதனையில் (பேட்ச் டெஸ்ட்)தான் கண்டுபிடிக்க முடியும்.

“வீட்டிலேயே வீகன் லிப் பாம் செய்ய அளவு சொல்லுங்கள். தேன்மெழுகு அளவிலேயே கேண்டலில்லா போட்டேன், கல்லாகிவிட்டது. பீட்ரூட் பொடி நிறமும் ஒட்டவில்லை.”
*– வாசகி, ஈரோடு*

கேண்டலில்லா தேன்மெழுகைவிடக் கடினமானது. தேன்மெழுகு அளவில் பாதி முதல் முக்கால் பங்கு போதும். 50 கிராமுக்கு, அதாவது 4.5 கிராம் குழாய் பதினொன்றுக்கு, இந்த அளவு நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவரும்: கேண்டலில்லா மெழுகு 9 கிராம், கோகம் வெண்ணெய் 8, தேங்காய் எண்ணெய் 8, விளக்கெண்ணெய் 15, ஹோஹோபா (jojoba) அல்லது சூரியகாந்தி எண்ணெய் 9.75, வைட்டமின் ஈ எண்ணெய் 0.25. கரண்டிக் கணக்கு வேண்டாம். நகைக்கடைத் தராசு போல 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். ஹோஹோபா விலை அதிகம்தான். ஆனால் அது எண்ணெய் அல்ல, திரவ மெழுகு, சீக்கிரம் ஊசிப்போகாது. திமிங்கிலத் தலையிலிருந்து எடுத்த கொழுப்பை அழகுப் பொருட்களில் போட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்த செடி இது.

பாத்திரம், கரண்டி, குழாய் எல்லாம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். மெழுகையும் விளக்கெண்ணெயையும் முதலில் டபுள் பாய்லிங் முறையில் 80 டிகிரி வரை சூடாக்குங்கள். மெழுகு கண்ணாடி போலத் தெளிந்ததும் வெண்ணெய், பிறகு மற்ற எண்ணெய்கள். இங்கே ஒரு நிமிடம் பால்போலக் கலங்கும். பயப்படாமல் மறுபடி தெளியும் வரை சூட்டில் வைத்துக் கிளறுங்கள்; கலங்கலோடு ஊற்றினால் மெழுகுத் துணுக்கு உதட்டில் உரசும். இறக்கி, 70 டிகிரி வாக்கில் வைட்டமின் ஈ சேர்த்து உடனே ஊற்றுங்கள். அடுப்பிலிருந்து இறக்கும் முன்பே, ஃப்ரீசரில் வைத்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் தேய்த்துப் பாருங்கள். நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தால் 2 கிராம் எண்ணெய் கூட்டலாம், விரலில் வழுக்கிக் கரைந்தால் 1 கிராம் மெழுகு. குழாயை முழுக்க நிரப்பாமல் முக்கால் ஊற்றி, மேலே ஆடை கட்டும்போது மீதியை ஊற்றினால் நடுவில் குழி விழாது. விளக்கெண்ணெயோடு லிக்விட் பாரஃபின் கலக்காதீர்கள், இரண்டும் ஒட்டாமல் பிரிந்து மேலே வியர்த்துக்கொள்ளும்.

பீட்ரூட்டின் நிறம் தண்ணீரில் கரைவது, எண்ணெயில் அல்ல. பொடி அடியில் மண்டும், அல்லது திப்பி திப்பியாக உதட்டில் நிற்கும். சாறாக ஊற்றினால் இன்னும் மோசம். தண்ணீர் போனால் பூஞ்சை வரும். நாட்டு மருந்துக் கடை வேம்பாளம்பட்டை தேங்காய் எண்ணெயில் அழகாகச் சிவப்பிறங்கும் என்பது தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் தலைக்குப் பூசுவது உள்ளே போகாது. உதட்டில் பூசுவது கொஞ்சமாவது வயிற்றுக்குப் போகும். அந்தப் பெயரில் கடைகளில் வேறு வேர்களும் கலந்து விற்கிறார்கள். ஆகவே நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நிறம் வேண்டுமானால் அழகுப் பொருள் தரத்தில் விற்கும் இரும்பு ஆக்சைடை 50 கிராமுக்கு 0.5 கிராம், முதலில் கொஞ்சம் விளக்கெண்ணெயில் கட்டியில்லாமல் குழைத்துச் சேருங்கள். எலுமிச்சை எண்ணெய் வாசனைக்குக்கூட வேண்டாம். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் வெயில் பட்டால் தோலைக் கருக்கும்.

தோழிகளுக்குச் சும்மா கொடுப்பது உங்கள் இஷ்டம். விற்பதென்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் வேண்டும். கடையில் வாங்கும் பாமிலும் அந்த உரிம எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

“வண்டி ஓட்டுகிறேன். எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு) உள்ள லிப் பாமிலும் க்ரூயல்டி ஃப்ரீ கிடைக்குமா?”
*– வாசகி, திருநெல்வேலி*

கிடைக்கும். ஆனால் முயல் விவகாரம் மிகவும் சிக்கலாவது இங்கேதான். ஐரோப்பிய ஒன்றியம் 2013-லேயே விலங்குகளில் சோதித்த அழகுப் பொருட்களை விற்கத் தடை போட்டுவிட்டது. இருந்தும் அதே ஒன்றியத்தின் ரசாயனச் சட்டம், தொழிற்சாலையில் அந்தப் பொருளைக் கையாளும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காகச் சோதனை கேட்கலாம். ஹோமோசலேட், எத்தில்ஹெக்சைல் சாலிசிலேட் என்ற இரண்டு வெயில் தடுப்பு ரசாயனங்கள் பற்றிய வழக்கில், அப்படிக் கேட்டது சரியே என்று 2023 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டும் அழகுப் பொருளுக்காக மட்டுமே பயன்படுபவை என்பதையும் நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் சிக்க விரும்பாதவர்கள் ஜிங்க் ஆக்சைடு போட்ட பாமை, முத்திரையும் பார்த்து வாங்கலாம். லேசாக வெள்ளை பூத்தது போல இருக்கும். மாநிறத்துக்கு மெல்லிய பழுப்பு சேர்த்தது பொருந்தும். எஸ்பிஎஃப் 30 போதும். கிளம்பக் கால் மணி முன்பு தடவி, இரண்டு மணிக்கொரு முறையும், டீ குடித்து வாய் துடைத்த பிறகும் மறுபடி தடவ வேண்டும். எஸ்பிஎஃப் இல்லாத மினுமினு கிளாஸை மட்டும் பூசிக்கொண்டு உச்சிவெயிலில் போனால் வெயிலிலிருந்து உதட்டுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது.

“என் மகளுக்கு ஜிகினா மின்னும் லிப் கிளாஸ்தான் வேண்டுமாம். அதில் விலங்கு ஏதும் இருக்குமா?”
*– வாசகி, சேலம்*

மீன் செதில் குவானினை மேலே சொன்னோம். இப்போது மினுமினுப்புக்கு அதிகம் போடுவது மைக்கா, சி.ஐ. 77019. அது கனிமம், விலங்கில்லை. ஆனால் ஜார்கண்டின் கோடர்மா, கிரிடி, பீகாரின் நவாடா பக்கத்து மைக்கா சுரங்கங்களில் குழந்தைகள் குனிந்து பொறுக்குவது வெகுநாளாக வெளிவந்துகொண்டிருக்கும் விஷயம். முயல் முத்திரை இதைப் பார்ப்பதில்லை. ‘சிந்தெடிக் ஃப்ளோர்ஃப்லோகோபைட்’ என்று லேபிளில் இருந்தால் அது ஆய்வுக்கூடத்தில் செய்த மைக்கா. சொல்லப்போனால் பளபளப்பும் அதில் அதிகம். மகளிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள்: கிளாஸ் குச்சியைத் தோழிகளோடு மாற்றிக்கொள்ள வேண்டாம். ஒருத்தி உதட்டில் அக்கி போன்ற கொப்புளம் இருந்தால் குச்சி வழியாக மற்றவளுக்கு வரும், வந்தால் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போகாது.

“தொப்புளில் எண்ணெய் வைத்தால் உதடு வெடிக்காது என்று என் பாட்டி சொல்வார். உண்மையா?”
*– வாசகர், தஞ்சாவூர்*

தொப்புளுக்கும் உதட்டுக்கும் குழாய் இணைப்பு எதுவும் கிடையாது. வைத்த விரலில் மிச்சமிருக்கும் எண்ணெயை உதட்டில் தடவிக்கொண்டால் வேலை செய்யும்.